பெயர் போட்ட கடிதம்

ரொக்ஸ்பரோ ரயில் நிலையத்துக்குப் பின்புறம், தண்டவாளத்துக்கு முதுகைக் கொடுத்து நிற்கும் மூன்று மாடிச் செங்கல் கட்டடத்தின் நிலக்கீழ் வீட்டில் றெஜினாவும் அவளுடைய பதினொரு வயது மகள் ஷெரோனும் குடியிருந்தார்கள். காலை ரயில் போகும்போது அலுமாரிக்குள் தட்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கிலுகிலுக்கும். ஜன்னல் நிலமட்டத்தில் இருந்தபடியால் பனிக்காலத்தில் தெருவில் போகிற ஆட்கள் தெரியமாட்டார்கள். அவர்களுடைய பூட்ஸ்கள்தான் தெரியும். அந்த வீட்டு வாசலில், கால்மிதிக்குப் பக்கத்தில், ஆண்கள் போடுகிற கறுப்புச் சப்பாத்து ஒரு சோடி எந்நேரமும் கிடந்தது.

சப்பாத்துக்குச் சொந்தக்காரன் என்று ஒருவன் கிடையாது. பழைய உடுப்புக் கடையில் றெஜினாவே வாங்கி வந்து வைத்தது. அவளுடைய புருசன் ஞானேந்திரன் 2002ஆம் ஆண்டு மாசி மாதம், சித்திக்குச் சுகமில்லை என்று சொல்லி ரொறன்ரோவுக்கு பஸ் ஏறினவன், அங்கே வேறொருத்தியோடு தங்கிவிட்டான். அவனுடைய கால் எட்டரை அளவு. இவள் வாங்கியது பதினொன்று. வைக்கிறதுதான் வைக்கிறோம், கொஞ்சம் பெரிய ஆம்பிளையாய் இருக்கட்டும் என்று நினைத்தாள். சண்டைக் காலத்தில் அவளுடைய ஊரான பேசாலையில், ஆம்பிளைகளைப் பிடித்துக்கொண்டுபோன வீடுகளில் பெண்கள் ஆம்பிளை கட்டுகிற ஒரு சாரத்தைத் தோய்த்துத் தோய்த்துக் கொடியில் காயப்போடுவார்கள். வீட்டில் ஆள் இருக்கிறது என்று ரோட்டில் போகிறவனுக்குத் தெரியவேண்டும். அந்தப் பழக்கம் அவளோடு விமானம் ஏறி வந்திருந்தது.

சப்பாத்தோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. புருசன் விட்டுட்டுப் போனவள் என்ற பேச்சுக்குப் பயந்து வாயாலும் ஆளை உண்டாக்கினாள். கோயிலில் சிசிலி கேட்டபோது, அவர் அமெரிக்காவுக்கு ட்ரக் ஓடுகிறார் என்றாள். பாதிரியாரிடம், ரொறன்ரோவில் சுகமில்லாத சொந்தக்காரரைப் பார்க்கப் போயிருக்கிறார் என்றாள். யாருக்கு எதைச் சொன்னோம் என்று எழுதி வைக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. ஆனாலும் ஒன்று நன்றாக ஞாபகம் இருந்தது. 2003 ஐப்பசியில் ஒரு பின்னேரம், சொல்லாமல் கொள்ளாமல் யோசெப்பின் அக்கா மீன்கறிச் சட்டியோடு கதவடியில் வந்து நின்றாள். உள்ளே விட்டால் உடுப்பு அலுமாரியின் பாதி வெறுமையாய்க் கிடப்பதைப் பார்த்துவிடுவாள். றெஜினா கதவை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "இவர் படுத்திருக்கிறார் அக்கா. டோர்வல் எயார்போட்டிலை இரவு வேலை, பெட்டி ஏத்துறது. பகல்லைதான் நித்திரை" என்றாள். டோர்வல் கதையை அவள் வேறு எவருக்கும் சொன்னதில்லை.

யோசெப்பின் குருநகர்க்காரி. கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். அந்தப் பங்கில் தமிழ்ச் சனத்துக்குப் பிரெஞ்சில் வரும் அரசாங்கக் கடிதம் அத்தனையையும் வாசித்துச் சொல்லி, பதில் எழுதிக் கொடுப்பவள் அவள்தான். இடப்பக்கம் அடிமட்டம் வைத்துக் கோடிழுத்து ஓரம் பிரிப்பாள். வலப்பக்க மூலையில் திகதி. நடுவில் விசயம்; அதன் கீழே சிவப்புப் பேனையால் இரண்டு கோடு. அதற்குப் பிறகு, ஒரு எழுத்துக்கூட வரியைவிட்டு இறங்காமல், சரிந்த அழகான பிரெஞ்சுக் கையெழுத்து. றெஜினாவுக்கு வெல்பெயர் என்கிற அரசாங்க உதவிப்பணத்துக்கான விண்ணப்பத்தோடு வைக்கிற கடிதத்தை எழுதிக் கொடுத்ததும் அவள்தான். சபனெல் தெருத் தையல் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் சட்டைக் கழுத்து தைத்ததில் றெஜினாவின் முதுகெலும்பில் ஒரு தட்டு விலகிவிட்டது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்று டொக்டர் எழுதியிருந்தார். தனித் தாய், ஒரு பிள்ளை, வேலை செய்ய முடியாத உடம்பு. அந்தக் கணக்கில்தான் மாதாமாதம் காசு வந்தது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். தனித் தாய் என்று கடிதம் எழுதிக் கொடுத்தவளுக்கு ஆம்பிளை இல்லை என்று தெரியாதா? தெரியும். ஆனால் ஒரு வருடம் கழித்து அவனே திரும்பி வந்துவிட்டான், டோர்வலில் வேலையும் எடுத்துவிட்டான் என்று றெஜினாவின் வாயாலேயே கேட்டால் அவள் என்ன நினைப்பாள்?

2004 ஆனி மாதம் 22ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை காலை, வெல்பெயர் கந்தோரிலிருந்து விசாரிக்க இரண்டு பெண்கள் வந்தார்கள். பள்ளிக்கூடம் முடிகிற கிழமை என்பதால் ஷெரோன் வீட்டில் நின்றாள். மொழிபெயர்ப்பு அவள்தான். வந்தவர்கள் மரியாதையாகத்தான் கதைத்தார்கள். குசினியைப் பார்த்தார்கள், குளியலறையில் பல் துலக்குகிற பிரஷ் எத்தனை என்று பார்த்தார்கள். திரும்பிப் போகும்போது உயரமானவள் வாசலில் குனிந்து சப்பாத்தைக் காட்டி ஏதோ கேட்டாள்.

"அம்மா, இந்தச் சப்பாத்து ஆரின்ரை எண்டு கேக்கினம்," என்றாள் ஷெரோன்.

அந்த நேரம் பார்த்து மேல்வீட்டு யோகேந்திரன் உடுப்புக் கூடையோடு படியிறங்கி வந்தான். அவன் காதில் விழப்போகிறது என்ற ஒரே எண்ணத்தில், இரண்டு வருடப் பழக்கம் வாயை முந்தியது.

"இவரின்ரைதான். என்ரை மனுசன்ரை."

அவன் போகும்வரை பொறுத்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதற்குள் ஷெரோன் மொழிபெயர்த்துவிட்டாள். உயரமானவள் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்து நிமிர்ந்து இன்னொன்று கேட்டாள். ஷெரோன் குழப்பத்தோடு தாயைப் பார்த்தாள்.

"அப்பா டோர்வல்லை இரவு வேலையாம், பகல்லை இஞ்சை படுக்கிறவராம். சரியோ எண்டு கேக்கினம்."

றெஜினா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். கந்தோர் கண்டுபிடித்ததை நினைத்து அல்ல. அந்தச் சொற்கள் இந்த உலகத்தில் ஒரே ஒரு காதுக்குள்தான் போயிருந்தன.

ஆடி 13ஆம் திகதியிட்ட கடிதம் வந்தது. கணவனோடு சேர்ந்து வாழ்வதை மறைத்த காரணத்தால் கொடுப்பனவு நிறுத்தப்படுகிறது. மறுத்துரைப்பதானால் தொண்ணூறு நாளுக்குள் மீள்பரிசீலனை கேட்கலாம். வழக்கமாக யோசெப்பின் வீட்டுக்குத்தான் இந்தக் கடிதம் போயிருக்க வேண்டும். இந்த முறை ஷெரோன் அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் இருந்து வாசித்தாள்.

பிறகு வந்த மாதங்களை ஷெரோன் பேரில் அரசாங்கம் கொடுக்கிற பிள்ளைக் காசிலும், கோயில் நிலவறையில் வியாழக்கிழமைகளில் கொடுக்கிற சாமான் பெட்டியிலும் ஓட்டினார்கள். பெட்டிக்குள் நிலக்கடலை வெண்ணெய், ரின்னில் அடைத்த கடலை, மக்ரோனி இருக்கும். மக்ரோனியை வெங்காயமும் செத்தல் மிளகாயும் போட்டு வதக்கினால் ஷெரோன் சாப்பிடுவாள். வீட்டுச் சொந்தக்காரன் வாடகை கேட்டு இரண்டு முறை வந்து கதவடியில் நின்றுவிட்டுப் போனான். ஆவணி மாத வெக்கையில் நிலக்கீழ் வீடு பூஞ்சணம் மணத்தது. றெஜினா முதுகைச் சுவரோடு அணைத்துத் தரையில் இருந்து, ரயில் போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, ஒரே ஆளை நினைத்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே ஆள் கோயிலில் முன்வாங்கில் இருந்து திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். றெஜினாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்கு நாளுக்கு நாள் சுலபமாக வந்தது.

ஆவணி 24ஆம் திகதி விளக்கம் கேட்கக் கந்தோருக்குப் போனாள். பெயர் போடாத கடிதம் ஒன்று வந்ததால்தான் விசாரித்தோம் என்றார்கள். தெரிந்தவர்கள் யாராவது, அவள் தனியாகத்தான் வாழ்கிறாள் என்று பெயர், விலாசம், தொலைபேசி இலக்கத்தோடு கையொப்பமிட்டு எழுதிக் கொடுத்தால் உதவியாக இருக்கும் என்றாள் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண். சொல்லிக்கொண்டே றெஜினாவுடைய தாள்கள் அடுக்கிய கோவையைப் புரட்டினாள். தாள்களுக்கு நடுவே கையால் எழுதிய ஒரு தாள் வந்தது. அந்தப் பெண் உடனே உள்ளங்கையால் மூடிவிட்டாள். மூடுவதற்கு முன், தலைகீழாக, இரண்டு சிவப்புக் கோடுகளை றெஜினா கண்டுவிட்டாள்.

வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் அவள் அழவில்லை. இனிச் சந்தேகமே இல்லை என்பதில் ஒரு நிம்மதிகூட இருந்தது. தானும் பெயர் போடாமல் ஒரு கடிதம் அனுப்பினால் என்ன என்று முதலில் யோசித்தாள். யோசெப்பின் வீட்டில் என்ன பிழை இருக்கிறது என்று தேடினால் ஏதாவது கிடைக்கும். எந்த வீட்டில்தான் இல்லை. ஆனால் அது யோசெப்பினுடைய வேலை. ஒளிந்து நின்று கல்லெறிந்தவளுக்குத் தானும் ஒளிந்து நின்று எறிந்தால், யார் எறிந்தது என்று அவளுக்குத் தெரியாமல் போய்விடும். றெஜினாவுக்கு அது போதாது. பெயரோடு எழுத வேண்டும். அதையும் யோசெப்பினே எழுத வேண்டும்.

ஐப்பசி மாதம் மாதாவின் செபமாலை மாதம். ரொக்ஸ்பரோவிலும் பியர்போன்ஸிலும் இருக்கிற தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள், மாதா சுரூபத்தை வீடு வீடாக வைத்து, ஒவ்வொரு பின்னேரமும் ஒரு வீட்டில் கூடிச் செபமாலை சொல்வார்கள். செபம் முடிந்ததும் வீட்டுக்காரர் தேத்தண்ணியும் பலகாரமும் கொடுப்பார்கள். அந்த வருடம் ஐப்பசி 3ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, யோசெப்பின் வீட்டு முறை.

றெஜினா நாட்களை எண்ணி வைத்திருந்தாள். தொண்ணூறாவது நாள் 11ஆம் திகதி திங்கட்கிழமை. அது நன்றியறிதல் நாள் விடுமுறை. ஆக 8ஆம் திகதி வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும்.

அன்று பின்னேரம் மழை தூறிக்கொண்டிருந்தது. மேப்பிள் இலைகள் நனைந்து நடைபாதையில் ஒட்டிக் கிடந்தன. யோசெப்பினின் வரவேற்பறையில் முப்பது பேர் வரையில் பாயிலும் கதிரையிலும் நெருக்கியடித்து இருந்தார்கள். சுரூபத்துக்கு முன்னால் கார்னேசன் பூவும் மெழுகுதிரியும். செபஸ்தியாம்பிள்ளை அண்ணர் முன்னுக்கு முழந்தாளிட்டுச் செபம் சொன்னார். குசினியிலிருந்து ரோல்ஸ் பொரித்த எண்ணெய் மணம் வந்துகொண்டிருந்தது. பிரார்த்தனை மாலை முடிந்து, அவரவர் தங்கள் மன்றாட்டைச் சொல்கிற நேரம் வந்தது. மாக்கிரட் மகனுடைய பள்ளிச் சோதனைக்காக மன்றாடினாள். சிசிலி வன்னியில் இருக்கிற தமையனுக்காக மன்றாடினாள். றெஜினா எழும்பி நின்றாள். இடுப்பு நோவில் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ரை மனுசன் என்னோடை இல்லை," என்றாள். "போய் ரெண்டு வருசமும் எட்டு மாதமும். ட்ரக் ஓடுறார் எண்டதும் பொய், சொந்தக்காரரைப் பாக்கப் போனதெண்டதும் பொய். வெக்கத்திலை சொன்னனான். வாசல்லை கிடக்கிற சப்பாத்து நான் காசு குடுத்து வாங்கினது."

யாரோ சிரிக்கத் தொடங்கி இருமலாக மாற்றினார்கள். சிசிலி வாயைக் கையால் மூடிக்கொண்டாள். றெஜினா சுவரை விடவில்லை. இத்தனை காலம் எதற்குப் பயந்தாளோ அதை இப்போது தானே தூக்கி நடு வீட்டில் போட்டிருந்தாள். ஆனால் அவள் கண் ஒருத்தியை விட்டு அசையவில்லை. யோசெப்பின் மெழுகுதிரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆரோ பேர் போடாமல் கடிதம் எழுதி, மனுசன் என்னோடை இருக்கிறார் எண்டு அறிவிச்சிருக்கினம். வெல்பெயரை வெட்டிப்போட்டினம். நான் தனியத்தான் இருக்கிறன் எண்டு தெரிஞ்ச ஒராள் எழுதித் தந்தால் திருப்பித் தருவினம். வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதுதான் என்ரை மன்றாட்டு."

சபையில் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். எழுதினவன் விளங்கமாட்டான் என்றார் ஒருவர். பிள்ளை இருக்கிற வீட்டுக்கு இப்படிச் செய்ய எப்படி மனம் வந்தது என்றாள் மாக்கிரட். யோசெப்பின் இருக்கும்போது எழுத வேறு ஆள் எதற்கு என்றாள் சிசிலி. ஒன்றும் அறியாத யோசெப்பினின் புருசன் அருமைராசா, நல்ல மனுசன், குசினி வாசலில் தேத்தண்ணித் தட்டோடு நின்றபடி சொன்னார்:

"என்னப்பா பாத்துக்கொண்டிருக்கிறீர்? இப்பவே எழுதிக் குடும்."

யோசெப்பின் நாளைக்கு ஆறுதலாக எழுதித் தருகிறேன் என்றாள். நாளைக்கு டொக்டரிட்டைப் போகவேணும் என்றாள் றெஜினா. அப்படியானால் மகன் ஜெனாட் கொம்பியூட்டரில் அடித்துத் தருவான் என்றாள். கையால் எழுதினால்தான் எடுப்பார்களாம் என்றாள் றெஜினா. கந்தோரில் அப்படி யாரும் சொல்லவில்லை. அவள் சொன்ன பொய்களிலேயே இதைத்தான் நன்றாக யோசித்துச் சொன்னாள்.

குசினி மேசையில் மூவரும் இருந்தார்கள்: யோசெப்பின், றெஜினா, வாசித்துப் பார்க்க ஷெரோன். வரவேற்பறையில் ரோல்ஸும் கதையும் நடந்துகொண்டிருந்தது. யோசெப்பின் தாளை எடுத்து, ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாகப் பெரிய அச்செழுத்தில் எழுதத் தொடங்கினாள்.

"அம்மா, அன்ரி மத்தெர்னெல்லிலை எழுதப் பழகுற சின்னப்பிள்ளையள் மாதிரி எழுதுறா," என்றாள் ஷெரோன்.

"அன்ரிக்கு வடிவான எழுத்து இருக்கு. அதிலை எழுதுவா. நீ போய் ஒரு ரோல்ஸ் சாப்பிட்டிட்டு வா."

பிள்ளை போனதும் யோசெப்பின் பேனையை மேசையில் வைத்தாள். அவளுடைய மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது.

"நீ என்னட்டை டோர்வல் எண்டு சொன்னனீ."

"ஓம் அக்கா. உங்களட்டை மட்டும்தான் சொன்னனான்."

வரவேற்பறையில் செபஸ்தியாம்பிள்ளை ஏதோ பகிடி சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். யோசெப்பின் அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்.

"என்ரை மனுசன் விடியப்புறம் நாலு மணிக்கு எழும்பி, காருக்கு மேலை பனி வழிச்சுப்போட்டு வேலைக்குப் போறார், றெஜி. அம்பத்தெட்டு வயசு. மனுசன்ரை சம்பளமும் எடுத்துக்கொண்டு வெல்பெயரும் எடுக்கினம் எண்டு நினைச்சால் ஆருக்கு வயிறு எரியாது? நான் இல்லாததை எழுதேல்லை. நீ சொன்னதைத்தான் எழுதினனான்."

"எரியும்தான். கதவைத் தட்டி, ஏனடி இப்பிடிச் செய்யிறாய் எண்டு என்னைக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் உள்ளதைச் சொல்லியிருப்பன்."

சொல்லியிருப்பாளா என்பது றெஜினாவுக்கே தெரியாது. ஆனாலும் அந்த மேசையில் அதை நிறுத்துப் பார்க்க அவள் ஆயத்தமாக இல்லை. அச்செழுத்துத் தாளை இழுத்து நாலாக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தாள். புதுத் தாளை முன்னால் தள்ளினாள்.

"அண்டைக்கும் நான் சொன்னதைத்தான் எழுதினனீங்கள். இண்டைக்கும் நான் சொல்லுறதை எழுதுங்கோ."

யோசெப்பின் எழுதினாள். பழகிய கை, மனம் மறுத்தாலும் தன் வேலையைச் செய்தது. ஓரம் பிரித்தது, திகதி போட்டது, சரிந்த எழுத்துகளை வரியில் அடுக்கியது. இந்தப் பெண்மணியை ஏழு வருடமாக அறிவேன். 2002 மாசி முதல் மகளுடன் தனியாக வாழ்கிறாள். அந்த வீட்டில் எந்த ஆணையும் நான் ஒருபோதும் கண்டதில்லை. ஷெரோன் திரும்பி வந்து, எண்ணெய் விரலைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு வசனமாக வாசித்துத் தமிழில் சொன்னாள். ஒருபோதும் என்ற சொல் இருக்கிறதா என்று றெஜினா இரண்டு முறை கேட்டாள். இருந்தது.

பெயரும் விலாசமும் தொலைபேசி இலக்கமும் எழுதிக் கையொப்பம் வைத்துவிட்டு யோசெப்பின் தாளை நீட்டினாள். றெஜினா வாங்கவில்லை.

"விசயத்துக்குக் கீழை ரெண்டு சிவப்புக் கோடு போடுறனீங்கள். மறந்துபோனியள்."

அப்போதுதான் யோசெப்பின் அவளை நிமிர்ந்து நேராகப் பார்த்தாள். தாள் எங்கே போகப்போகிறது, எந்தக் கோவைக்குள், எந்தத் தாளுக்குப் பக்கத்தில் என்பதெல்லாம் ஒவ்வொன்றாக அவளுடைய முகத்தில் ஏறுவதை றெஜினா இருந்து பார்த்தாள்.

"கோடு வேண்டாமடி," என்றாள் யோசெப்பின். குரல் பிள்ளைக்குக் கேட்காத அளவுக்குத் தணிந்திருந்தது.

"வேணும் அக்கா."

அருமைராசா தேத்தண்ணியோடு உள்ளே வந்தார். முடிஞ்சுதோ, பாவம் பிள்ளை, இனியும் இழுத்தடிக்காமல் முடித்துக் கொடும் என்றார். யோசெப்பின் மேசை லாச்சியைத் திறந்து சிவப்புப் பேனையையும் அடிமட்டத்தையும் எடுத்தாள். ஒன்று. அதன்கீழ் மற்றது. மை காயும்வரை இருந்து றெஜினா தாளை வாங்கினாள்.

கடிதத்தை ஐப்பசி 6ஆம் திகதி புதன்கிழமை றெஜினா கந்தோரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை குத்தி வாங்கினாள். 20ஆம் திகதி வரச்சொல்லி அழைப்பு வந்தது. இந்த முறை விசாரித்தவள் வேறொருத்தி, ஓய்வுபெறுகிற வயசு, கழுத்தில் சங்கிலி போட்டுத் தொங்கும் கண்ணாடி. யோசெப்பினின் கடிதத்தை வாசித்தாள். திரும்பவும் மேலேயிருந்து வாசித்தாள். பிறகு கோவையைப் பின்பக்கமாகப் புரட்டிக்கொண்டு போனாள். ஓரிடத்தில் நின்றாள். கோவையின் மட்டையை உயர்த்திப் பிடித்து, அதற்குப் பின்னால் இரண்டு தாளை அருகருகே வைத்துப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டு ஏதோ கேட்டாள்.

"இதை எழுதின ஆளை நல்லாத் தெரியுமோவாம்," என்றாள் ஷெரோன்.

"சொல்லு. எங்கடை கோயிலிலை எல்லாருக்கும் அவதான் கடிதம் எழுதுறவ. எனக்குச் சொந்த அக்கா மாதிரி."

"தேவையெண்டால் ரெலிபோன் எடுக்கலாமோவாம்."

"பின்னேரத்திலை எப்பவும் வீட்டிலை நிப்பா எண்டு சொல்லு."

இலக்கத்தை மட்டும் றெஜினா தானே பிரெஞ்சில் சொன்னாள். தொழிற்சாலையில் கட்டு எண்ணிப் பழகிய இலக்கங்கள் அவளுக்குத் தெரியும். ஒவ்வொன்றாக, அவசரப்படாமல், பிழை வராதபடி சொன்னாள். அந்தப் பெண் கடிதத்தில் இருந்ததோடு ஒத்துப் பார்த்துத் தலையாட்டினாள். போன முடிவு நீக்கப்படுகிறது என்றாள். கார்த்திகையிலிருந்து காசு வரும். நிறுத்தியிருந்த மாதங்களுக்கும் சேர்த்து வரும்.

வெளியே அந்த வருடத்தின் முதல் குளிர் காற்று அடித்தது. பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்து டெப்பனர் கடை வாசலில் காசு போடுகிற தொலைபேசி ஒன்று இருந்தது. வீட்டுக்குப் போய் எடுக்கலாமே என்றாள் ஷெரோன். றெஜினா பையைத் துழாவி ஒரு காசுக் குற்றி எடுத்துப் போட்டாள்.

"அக்கா, எல்லாம் சரிவந்திட்டுது."

நல்லது, மாதா காப்பாற்றினாள் என்றாள் யோசெப்பின். சொல்லிவிட்டு வைக்கப் பார்த்தாள்.

"உங்கடை கடிதத்தாலைதான் அக்கா. அந்த மனுசி ரெண்டு தரம் வாசிச்சவ. பேந்து பைலுக்குள்ளை வேறையொரு தாளை எடுத்து, பக்கத்திலை வைச்சுப் பாத்தவ. உங்கடை நம்பர் சரியோ எண்டும் கேட்டவ."

மறுமுனையில் கேத்தில் கூவிக்கொண்டிருந்தது. யாரும் இறக்கவில்லை.

"எப்ப எடுப்பினமாம்?"

"சொல்லேல்லை. எடுத்தாலும் எடுப்பினம், எடுக்காமல் விட்டாலும் விடுவினம்."

"என்ன செய்வினம், றெஜி?"

"தெரியாது அக்கா. எனக்கும் மூண்டு மாதம் தெரியாமல்தான் இருந்தது."

அவள் ரிசீவரை மெதுவாக வைத்தாள். பஸ் திருப்பத்தில் வந்துகொண்டிருந்தது. ஷெரோன் கைகளை ஜக்கெற்றுக்குள் விட்டபடி, அன்ரி என்ன சொன்னவ என்று கேட்டாள்.

"சந்தோசமாம்," என்றாள் றெஜினா.